ஈஜிபுராத் தண்ணீருக்கு வற்றம் கிடையாது

தண்ணீர் என்றால் எனக்குப் பயம். தூத்துக்குடியில் பிறந்து, வேலைக்காலம் முழுக்கப் பழைய துறைமுகத்தில் மூட்டை எண்ணிப் பிழைத்த ஒருவன் இப்படிச் சொன்னால் ஊரில் கைகொட்டிச் சிரிப்பார்கள். சிரித்தும் இருக்கிறார்கள். தோணியில் சரக்கு ஏறும்போது நான் கரையில் நின்றுதான் எண்ணுவேன். பலகையில் ஏறி உள்ளே வாரும் என்று யாராவது கூப்பிட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நழுவிவிடுவேன். அலை கொஞ்சம் பலமாகத் தளத்தில் அடித்தாலும் போதும், என்னையறியாமல் ஒரு கத்து கத்துவேன். சுமைகாரர்கள் எனக்கு 'மில்லுச் சங்கு' என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். அதனால், கடலே இல்லாத பெங்களூருக்குப் போகவேண்டும் என்று வந்தபோது, அப்பாடா, பயமில்லாத பயணம் ஒன்று இந்த வயதிலாவது வாய்த்ததே என்று சந்தோஷப்பட்டேன். என் நேரத்தைப் பாருங்கள்.

விஷயம் இதுதான். எங்கள் மாதா கோயிலுக்கு விழா மலர் போடுகிறார்கள். பழைய தோணிகளைப் பற்றி அதில் ஒரு கட்டுரை வரவேண்டும் என்றார் பங்குச் சாமியார். தோணியை நடத்திப் போகிறவரை எங்கள் ஊரில் தண்டல் என்போம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்து ஓடிய அந்தக் காலத்துத் தண்டல்களில், இன்றைக்கும் ஞாபகம் தெளிவாக இருப்பவர் என் மனைவியின் அண்ணன் ரெமி மச்சான் ஒருவர்தான். அவரோ பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோய், பெங்களூரில் மகள் ஷீலா வீட்டில் கட்டிலோடு கிடக்கிறார். "நீங்களே போய்க் கேட்டு எழுதிக்கிட்டு வாங்க" என்று சாமியார் சொல்லிவிட்டார். செல்போனில் பேச்சைப் பதிவு செய்வது எப்படி என்று பக்கத்து வீட்டில் கற்றுக்கொண்டு கிளம்பினேன்.

விடியற்காலையில் ஒரு மேம்பாலத்துக்கு அடியில் என்னை உதிர்த்துவிட்டுப் பஸ் போய்விட்டது. ஜூன் மாதத்தில் குளிர்! எங்கள் ஊரில் மார்கழிக்குக்கூட மஃப்ளர் கட்டினால் கேலி செய்வார்கள். இங்கே ஆட்டோக்காரர் ஸ்வெட்டருக்குமேல் காக்கிச் சட்டை போட்டிருந்தார். பாதி வழியில் ஒரு பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் வண்டி இறங்கி, இருமி, நின்றுவிட்டது. "இறங்கி ஒரு தள்ளு தள்ளுங்க சார்" என்றார். முழங்காலுக்குக் கீழே கறுப்புத் தண்ணீர். நான் சீட்டிலிருந்து அசையவில்லை. எதிரே வந்த இன்னொரு ஆட்டோக்காரர் கன்னடத்தில் ஏதோ சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுப் போனார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "முந்தாநேத்துப் பேஞ்சதே இன்னும் வடியல, இன்னொரு மழை வந்தா ஆட்டோவை வித்துட்டுப் படகு வாங்கணும்கிறாரு" என்று எங்கள் ஆள் சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஷீலா வீடு ஈஜிபுராவில் ஒரு சந்துக்குள் இருந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே வருஷா வருஷம் புதுத் தார் போட்டு, தெரு உயர்ந்துகொண்டே போக, வீடு குழிக்குள் இறங்கிவிட்டது. தெருவிலிருந்து படி இறங்கித்தான் வாசலுக்குப் போகவேண்டும். ஜன்னலில் பார்த்தால் போகிறவர்களின் செருப்பு தெரிகிறது. வந்ததுமே என் கண் அந்தப் படியில்தான் போய் நின்றது. "மழை பேஞ்சா என்னம்மா ஆகும்?" என்று கேட்டேன். "கொஞ்சம் உள்ள வரும் மாமா. தள்ளி விட்டுருவோம்" என்றாள் ஷீலா, சோற்றுக்கு உலை வைத்துக்கொண்டே. அவள் பொம்மசந்திராவில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். அவள் கணவருக்குப் பீன்யாவில் வேலை. காலையில் போனால் இரண்டு பேரும் இருட்டிய பிறகுதான் வீடு. பகலில் மச்சானைப் பார்த்துக்கொள்வது மாடியில் குடியிருக்கும் மஞ்சுளாதான். ஆம்பூர்ப் பக்கத்துக் குடும்பம். அப்பா காலத்திலிருந்தே பெங்களூர். அவள் கணவர் முனியப்பா ஆட்டோ ஓட்டுகிறார்.

மச்சான் என்னைப் பார்த்ததும், "வாரும் வே மில்லுச் சங்கு! கடல் இல்லாத ஊருன்னு தைரியமா வந்தீராக்கும்?" என்றார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தாலும் நக்கலுக்கு ஒரு குறையும் இல்லை.

சாப்பாடுதான் அவருக்குப் பெரிய மனக்குறை. இந்த ஊர்ச் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள் என்று நான் வந்த முதல் மணி நேரத்திலேயே முறையிட்டார். ஷீலா எனக்காக வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "மங்களூரு மீனு. ஐஸ்ல கெடந்து கெடந்து மீனுக்கே தான் யாருன்னு மறந்துபோச்சு" என்றார். ஆனால் தட்டை வழித்துச் சாப்பிட்டார். அதையும் நான் பார்த்தேன்.

மறுநாள் முழுக்கப் பேச்சுதான். போனைத் தலையணை மேல் வைத்துவிட்டு, "சொல்லும் மச்சான்" என்றேன். அருவி மாதிரி கொட்டினார். ஆழம் இல்லாத கரை என்பதால் பெரிய கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து புகை மட்டும் தெரியும். சரக்கைச் சின்னப் படகுகளில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுக்கவேண்டும். உப்பும் வெங்காயமும் கருவாடும் ஏற்றிய தோணி தரைதட்டி உட்கார்ந்துவிட்டால் ஏற்றத்துக்குக் காத்திருக்கவேண்டும். ஏற்றம் என்றால் கடல் ஏறுவது, வற்றம் என்றால் இறங்குவது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் துறைமுகத்துப் பிழைப்பே. அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. தளத்துத் தூணில் சாக்பீஸால் தண்ணீர் மட்டத்துக்குக் கோடு போட்டு, ஏறுகிறதா நின்றுவிட்டதா திரும்பிவிட்டதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. தண்ணீரைத் தொடாமல் செய்யக்கூடிய வேலை என்பதால் அதை மட்டும் ஆசையாகச் செய்தேன்.

தோணி திரும்பி வரும்போது, பாயில் போட்டிருக்கும் ஒட்டுத் துணியைப் பார்த்தே இது யாருடைய தோணி என்று கரையில் பெண்கள் சொல்லிவிடுவார்கள் என்றார் மச்சான். அவர் தோணிப் பாயில் என் தங்கமான மாமியாரின் பழைய சேலை ஒன்றும் ஒட்டாகத் தைக்கப்பட்டிருந்ததாம்.

அப்புறம் புயல் கதைக்கு வந்தார். கொழும்பிலிருந்து திரும்பும்போது பாய்மரம் முறிந்து, பாய் போய், ஒரு பகலும் ஓர் இரவும் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்ற கதை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

"பயமா இல்லையா மச்சான்?" என்றேன்.

"பயமா? அதெல்லாம் கரையில நிக்கிறவனுக்கு வே. தோணியில ஒருத்தனும் வாயத் தொறக்கக் கூடாது. கடல்ல கத்துனவன் தோணி கரை சேராது. தண்டல் கையாலதான் பேசுவான்."

எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் பதிவாகிறதே என்று சிரித்து வைத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவும்போது வானம் இருண்டது. மழை என்றால் நம் ஊர் மழை மாதிரி சொல்லிவிட்டு வருவதில்லை. ஒரே போடாகப் போட்டது. சற்று நேரத்தில் குளியலறைத் துவாரத்திலிருந்து குளுக் குளுக் என்று சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். போகவேண்டிய தண்ணீர் அந்த ஓட்டை வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. கறுப்பாக, நாற்றத்தோடு. வாசல் படியிலும் ஒரு விரல் அகலத்துக்கு வழிந்து இறங்க ஆரம்பித்தது. என் கால் இரண்டும் தானாகக் கட்டில்மேல் ஏறிக்கொண்டன.

மஞ்சுளா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். "சார், பேகா பேகா, சீக்கிரமா மேல வாங்க! எங்க வூட்டுக்காரு கீறாரு, பக்கத்து வூட்டு ஆளுங்களும் கீறாங்க. பெரியவர அல்லேக்காத் தூக்கினு பூடலாம்."

நான் எழுந்தேவிட்டேன். மச்சான்தான் இடது கையைத் தூக்கி நிறுத்தினார். "என்னத்துக்கும்மா இந்தப் பதற்றம்? ஏத்தத் தண்ணி. வந்த வழியா வத்தத்துல போயிரும். மாப்ள, கதவ மூடாதீரும், தொறந்தே கெடக்கட்டும். ஒரு கோடு போட்டுப் பாரும்."

இந்த இடத்தில்தான் நான் செய்த காரியத்தைச் சொல்லவேண்டும். பயந்தவன் நான், ஓடியிருக்கவேண்டியவன் நான். ஆனால் கோடு போடச் சொன்னதும் கை பழைய வேலைக்குத் திரும்பிவிட்டது. ஷீலா தையல் மிஷினில் வைத்திருந்த மெழுகுச் சாக்பீஸை எடுத்தேன். கட்டிலில் இருந்தபடியே எட்டிச் சுவரில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு இழுத்தேன். பார்த்துக்கொண்டிருந்தேன். மழை கொஞ்சம் விட்டது. தண்ணீர் கோட்டிலேயே நின்றது. மேலே ஏறவில்லை.

"நின்னுட்டு மச்சான்!" என்றேன்.

"நான் என்ன சொன்னேன்? நின்னா அடுத்து எறக்கந்தான்" என்றார்.

நானும் பெரிய மனுஷன் மாதிரி மஞ்சுளாவிடம், "தண்ணி நின்னுட்டும்மா. இனி எறங்கிரும். நீ போ, வேணும்னா கூப்பிடுதேன்" என்றேன். அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னாமோ சொல்றீங்க. நீங்க சமுத்திரத்து ஆளுங்க, ஒங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். முனியப்பாவும் ஆட்களும் அடுத்த சந்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைத் தூக்கப் போய்விட்டார்கள். அந்த ஊரில் பிறந்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லியிருக்கும், அது கடல் தண்ணீர் இல்லை, சாக்கடைத் தண்ணீர், அதற்கு வற்றமாவது மண்ணாவது என்று. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியவில்லை.

அடுத்த தடவை பார்த்தபோது கோட்டைக் காணவில்லை.

நான் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். கோடு தண்ணீருக்குள் போயிருந்தது. எங்கேயோ பெரிய கால்வாயின் சுவர் இடிந்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. வாசல் படியில் வழிந்துகொண்டிருந்தது இப்போது கொட்டியது. கரண்ட் போய்விட்டது. ஃபிரிட்ஜ் சாய்ந்து சுவரில் முட்டியது. காலி கேஸ் சிலிண்டர் ஒன்று மிதந்து வந்து கட்டில் காலில் டங்கு டங்கென்று இடித்தது. ஷீலாவைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். அவசரத்தில் அது நழுவி முழுகிவிட்டது. பதிவு செய்த பேச்செல்லாம் அதோடு போயிற்று. அப்போது அதெல்லாம் யாருக்கு ஞாபகம்? மெத்தையின் ஓரம் ஈரமாகிவிட்டது. மச்சானால் தானாக எழுந்து உட்காரக்கூட முடியாது. தண்ணீர் கட்டிலுக்கு மேலே வந்தால் அவர் படுத்தபடியே முழுகவேண்டியதுதான்.

அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். ஒரு காலத்தில் ஒற்றைக் கையால் நங்கூரக் கயிறு இழுத்த உடம்பு. பாதி செத்திருந்தாலும் கனம் குறையவில்லை. இரண்டு பேரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தோம். தலையணைகளை முதுகுக்குக் கொடுத்து, இடது கையில் ஜன்னல் கம்பியைப் பிடிக்க வைத்தேன்.

அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். அறுபது வருஷமாகத் தெரிந்த முகம். அதில் அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. உதடு கிடுகிடுவென்று ஆடியது.

"மாப்ள... இது என்ன தண்ணி வே? எந்தப் பக்கம் ஓடுதுன்னே தெரியலியே. இந்தத் தண்ணிய எனக்குத் தெரியாது வே."

தண்டலே பயந்துவிட்டார் என்றால் நான் எம்மாத்திரம்? ஓடிவிடலாம் என்று தோன்றியது. மறைக்கமாட்டேன். கட்டிலைவிட்டு இறங்கினேன். தண்ணீர் தொடை வரை இருந்தது. என் ஆயுசில் முதல் தடவையாகக் குளிக்கிற வாளியைவிட அதிகமான தண்ணீருக்குள் நின்றேன். வாசல் வரை போய்விட்டேன். வெளியே மாடிப்படி தெரிந்தது. கை நீட்டினால் எட்டும். மாதாவே, இன்னும் ஒரே ஓர் எட்டு. திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைக் கூப்பிடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயை இறுக்கி மூடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போகவும் முடியவில்லை, உள்ளே வரவும் முடியவில்லை. கதவு நிலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். "ஐயோ! மஞ்சுளா! முனியப்பா! யாராவது வாங்களேன்! மச்சான் முழுகுறாரே! ஐயய்யோ!" உள்ளேயிருந்து மச்சான், "கத்தாதீரும் வே! கத்தக் கூடாது!" என்று பழக்கதோஷத்தில் அதட்டினார். நான் இன்னும் பலமாகக் கத்தினேன். வார்த்தையெல்லாம் தீர்ந்துபோய் வெறும் சத்தமாகக் கத்தினேன். மழையில் அது எங்கே கேட்கப்போகிறது என்று நினைத்தாலும் நிறுத்த முடியவில்லை. தொண்டையில் ரத்தம் வந்தமாதிரி எரிந்தது. மச்சான் ஒரு கட்டத்தில் அதட்டுவதை விட்டுவிட்டார்.

முனியப்பாவும் இன்னும் இரண்டு பேரும் சந்து முனையிலிருந்து நீந்தாக்குறையாக வந்தார்கள். அடுத்த சந்துவரை கேட்டதாம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மச்சானை உட்காரவைத்து, ஷீலாவின் சேலையால் வரிந்து கட்டி, தூக்கிக்கொண்டு படியேறினார்கள். நான் அவருடைய செத்த காலைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனேன். தாங்குவதற்குப் பிடித்தேனா, நான் விழாமல் இருக்கப் பிடித்தேனா என்று கேட்காதீர்கள்.

மாடியில் மஞ்சுளா எங்கள் இரண்டு பேரையும் துவட்டி, முனியப்பாவின் காக்கிச் சட்டைகளைப் போட்டுவிட்டாள். சூடான அவல் உப்புமாவும் பால் இல்லாத டீயும் கொடுத்தாள். "ரெண்டு பேரும் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போற மாதிரியே கீறீங்க" என்று சிரித்துவிட்டு, அப்புறம் திரும்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மச்சான் என்னிடம், "வத்திட்டா வே?" என்று கேட்டார். பால்கனிக்குப் போய்ப் பார்த்தேன். சந்து முழுக்கத் தண்ணீர். வற்றவில்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டேன். ஷீலா பாதித் தூரம் நடந்தே வந்து சேர்ந்தாள். கீழே தன் வீடு இருந்த நிலையைப் பார்த்துவிட்டு மேலே ஓடி வந்து, அப்பாவை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தாள்.

மறுநாள் மோட்டார் வைத்து இறைத்தார்கள். நான் கீழே போனேன். சுவரில் சேற்றுக்கறை ஜன்னல் கம்பிவரை ஏறியிருந்தது. அதற்கு எவ்வளவோ கீழே, கணுக்கால் உயரத்தில், என் சாக்பீஸ் கோடு அழியாமல் இருந்தது. கட்டிலைப் பார்த்தேன், கறையைப் பார்த்தேன். அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி மாடிக்கு வந்து, "மச்சான், பதிவு பண்ணினது எல்லாம் போச்சு. இன்னொரு தடவை சொல்லும், இப்பம் கையாலே எழுதிக்கிடுதேன்" என்றேன். குரல் கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது.

பாயில் ஒட்டுப் போட்டது, உப்பு ஏற்றியது எல்லாம் மறுபடி சொன்னார். புயலுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"அன்னைக்கு நான் பயந்தேன் வே. மரம் முறிஞ்சப்ப எனக்குக் கால் ரெண்டும் போயிட்டு. அம்மான்னு கத்தணும்னு நெஞ்சு வரைக்கும் வந்துட்டு. ஆளுக எல்லாம் என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கானுவ. நான் கத்தினா அவனுவ கைய விட்டுருவானுவ. அதான் முழுங்கிட்டேன். கரைக்கு வந்து, வீட்டுக்கு வந்து, பொறவும் கத்த முடியல. தண்டல் கத்தலாமா?"

"இதை மலர்ல போடவா, வேண்டாமா மச்சான்?" என்று கேட்டேன்.

"போடும். தண்டல் பயந்தான்னு போடும். நீரு நேத்து வாசல்ல நின்னு கத்தினதையும் போடும்" என்றார். இடது கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் சேத்துத்தான வே கத்தினீரு."